பிஜிக்குப் போன கொள்ளுத்தாத்தா: பதிவேட்டில் தேடுவதும் படத்தில் பார்ப்பதும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: கொள்ளுத்தாத்தா பெயர் முனுசாமி; ஆரணிப் பக்கத்துக் கிராமம்; 1910 வாக்கில் மெட்ராஸில் கப்பலேறி பிஜித் தீவுக்குப் போனார்; திரும்பவில்லை. கரும்புத் தோட்டத்தில் தலைப்பாகை கட்டிய ஆட்கள் வரிசையாக நிற்கும் பழைய படம் ஒன்று இணையத்தில் கிடைத்திருக்கிறது. அதில் அவர் இருக்கக்கூடுமா? அவரைப் பற்றிய ஆவணம் எங்கே கிடைக்கும்?

அவருடைய குடியேற்றச் சீட்டு, அதாவது கப்பலேறும்போது ஆளின் விவரங்களை எழுதிய தாள், கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. படத்தில் நிற்பவர் அவர்தான் என்று காட்டத்தான் வழியில்லை. காரணம், பிஜிக்கான சீட்டுகளில் ஆளின் படம் ஒட்டப்படவில்லை. மொரீஷியஸில் 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர் தம் படம் ஒட்டிய சீட்டை வைத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் அங்கே போனவர்களில் பலருடைய முகம் பெயரோடு சேர்ந்தே காப்பகத்தில் இருக்கிறது. பிஜியில் அந்த ஏற்பாடு இல்லை. பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், தழும்பு வரை இருக்கும், முகம் இருக்காது. தோட்டத்துப் படங்களில் முகம் இருக்கும், பெயர் இருக்காது. ஆகவே ஆவணத்தில் தொடங்குங்கள். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்பது தெரிந்த பிறகுதான் படம் தேடுவதில் பயன் உண்டு.

முதலில் காலக்கணக்கு. பிஜி 1874இல் பிரிட்டிஷ் காலனி ஆனது. முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பலான லியோனிடாஸ் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு 1879 மே 14 அன்று பிஜியின் லெவுக்காத் துறைமுகத்தை அடைந்தது. கடைசிக் கப்பலான சட்லெஜ் 1916 நவம்பரில் போய்ச் சேர்ந்தது. இடையில் 87 பயணங்கள், 60,000க்குச் சற்று மேற்பட்ட ஆட்கள். இவர்களில் சுமார் 45,000 பேர் கல்கத்தா வழியாகவும் 15,000 பேர் மெட்ராஸ் வழியாகவும் போனார்கள். மெட்ராஸ் துறைமுகம் 1903இல்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே உங்கள் தேடல் 1903 முதல் 1916 வரையிலான கப்பல்களுக்குள் அடங்கிவிடும். 37 ஆண்டுக் குவியலைப் புரட்ட வேண்டியதில்லை.

இனி சீட்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் படிவம் வேறு. மேலே கப்பலின் பெயர், டெப்போ (கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த முகாம்) எண், தேதி. அடுத்து பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், நெருங்கிய உறவினர் பெயர், திருமணம் ஆனவர் என்றால் துணையின் பெயர், உயரம், உடல் அடையாளம். ‘இடது புருவத்துக்கு மேல் தழும்பு’ என்பது போன்ற அந்த ஒற்றை வரிதான் பலருக்கும் மூதாதையின் உடம்பைப் பற்றிக் கிடைக்கும் ஒரே தகவல். அடியில் டெப்போ மருத்துவர், கப்பல் மருத்துவர், குடியேற்றக் காப்பாளர், பிஜி அரசின் ஏஜெண்ட் ஆகியோரின் கையெழுத்துகள்.

இந்தச் சீட்டுகள் சுவாவில் உள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்களை 2011இல் யுனெஸ்கோ தன் ‘உலக நினைவு’ப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றின் மைக்ரோஃபிலிம் பிரதி கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்திலும் உண்டு. பிஜி வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் கல்கத்தா வழியாகப் போன 45,000 பேரின் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு ஆராய்ந்தார். மெட்ராஸ் சீட்டுகளுக்கு அந்த அளவுக்கு உழைப்பு கிடைக்கவில்லை. தமிழ், தெலுங்கு, மலையாளக் குடும்பங்கள் தாமே தேட வேண்டிய நிலைக்கு இது முக்கியக் காரணம்.

காப்பகத்துக்கு எழுதும்போது ‘முனுசாமி, வட ஆற்காடு’ என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது. அதே பெயரில் பல பேர் இருப்பார்கள். பெயரோடு தகப்பன் பெயர், கிராமம், உத்தேச ஆண்டு, தெரிந்தால் கப்பல் பெயர் ஆகியவை வேண்டும். கப்பல் பெயரைத் தனியாகச் சொல்லாமல் ஆண்டோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே கப்பல் பலமுறை ஓடியிருக்கிறது. சட்லெஜ் மட்டும் ஐந்து முறை.

இவை எல்லாவற்றையும்விட வலுவான பிடி சீட்டு எண். பிஜியில் இறங்கியதும் தரப்பட்ட அந்த எண்ணைக் கொண்டே அரசு ஆளை அடையாளம் கண்டது. பின்னால் பிஜியில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, இறப்புப் பதிவு ஆகியவற்றில் பெற்றோரின் எண் குறிக்கப்பட்டிருக்கும். பிஜியில் உறவுக்காரர்கள் யாராவது இருந்தால், தாத்தா பாட்டி தலைமுறையின் பிறப்புச் சான்றைத்தான் முதலில் கேளுங்கள். சான்றின் ஓரத்தில் இருக்கும் ஐந்து இலக்க எண்ணை ஒன்றுமில்லாதது என்று யாரும் படியெடுக்காமல் விட்டிருப்பார்கள். ஒளிநகலாக இல்லாமல் கையால் எழுதி அனுப்பினால் பெரும்பாலும் இந்த எண்தான் விட்டுப்போகும்.

பெயர்ச் சிக்கல் இரண்டு வகை. ஒன்று எழுத்து. டெப்போ எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி என்பதில் முதல் எழுத்துக்குப் பின் ஒருவர் ‘யு’ போட்டிருப்பார், இன்னொருவர் இரட்டை ‘ஓ’ போட்டிருப்பார். நடு உயிரெழுத்து விழுந்து ‘முன்சாமி’ ஆகியிருக்கும். கடைசியில் ‘ஐ’யோ ‘ஒய்’யோ இருக்கும். ழகரம் எல்-ஆகவோ ஆர்-ஆகவோ மாறும். சின்ன, பெரிய என்ற முன்னொட்டுகள் பெயரோடு ஒட்டியும் வரும், காணாமலும் போகும். ஆகவே மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துத் தேடுவது நல்லது. இரண்டாவது வகை, பிஜியில் வம்சப் பெயர் உருவான விதம். தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நம் வழக்கம் அங்கே செல்லவில்லை. ஒரு தலைமுறையில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக உறைந்துபோனது. இன்று பிஜியில் ஒரு குடும்பத்தின் கடைசிப் பெயராக நிற்பது கப்பலேறியவரின் பெயராகவும் இருக்கலாம், அவருடைய தகப்பன் பெயராகவும் இருக்கலாம். இரண்டையும் தேடுங்கள்.

ஊர் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சீட்டில் இருப்பது அந்தக் கால நிர்வாக எல்லை. 1911 ஏப்ரலில் சித்தூர் ஜில்லா உருவானபோது சித்தூர், சந்திரகிரி முதலிய பகுதிகள் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தன. சேலம் ஜில்லாவில் இருந்த திருப்பத்தூர் வட ஆற்காட்டுக்கு வந்தது. ஆக 1908ஆம் ஆண்டுச் சீட்டில் ‘வட ஆற்காடு, சந்திரகிரி’ என்று இருந்தால் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. ‘சேலம், திருப்பத்தூர்’ என்று இருந்தால் சேலத்தில் போய்த் தேடிப் பயனில்லை. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. ஆரணி, போளூர், வந்தவாசி எல்லாம் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் வந்தன. மறுபாதியான வேலூர் 2019இல் மூன்றாக உடைந்தது. இதற்கு மேல், ஆள் பதிவு செய்யப்பட்ட இடமும் சொந்த ஊரும் ஒன்றல்ல. பஞ்சம் பிழைக்க மெட்ராஸுக்கு வந்து, அங்கே ஆள்பிடிப்பவனிடம் மாட்டியவரின் பதிவிடம் மெட்ராஸ் என்றே இருக்கும். ஜில்லாக் கட்டத்தையும் பதிவிடக் கட்டத்தையும் தனித்தனியாகப் படியுங்கள்.

வயது, சாதி, பெயர் மூன்றையும் கல்வெட்டாக நம்ப வேண்டாம். வயது மருத்துவர் பார்வையில் போட்ட மதிப்பு. 25, 30 என்று முழு எண்ணாக விழும். வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள், கடன்காரனுக்குப் பயந்தவர்கள் வேறு பெயர் கொடுப்பதும் நடந்தது. ஒரு விவரம் பொருந்தவில்லை என்பதற்காகச் சீட்டை ஒதுக்கிவிடாதீர்கள். தகப்பன் பெயர், கிராமம், ஆண்டு மூன்றும் பொருந்தினால் வயதில் ஐந்தாறு ஆண்டு வித்தியாசம் இருந்தாலும் அவராக இருக்கலாம்.

சீட்டு கிடைத்துவிட்டால் அதோடு நிறுத்தாமல் அதற்கு முன்னும் பின்னும் இருபது இருபது சீட்டுகளையாவது பார்க்க வேண்டும். ஒன்றாக டெப்போவுக்கு வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண் விழுந்திருக்கும். மனைவி, தம்பி, பக்கத்துத் தெருக்காரர் என்று ஒரு கூட்டமே அங்கே கிடைக்கும். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. தனியாகப் பதிவான பெண்கள் பலர் இருந்தார்கள். டெப்போவிலேயே உருவான இணைகளும் இருந்தன. வீட்டில் வழங்கும் கதையில் இல்லாத ஒரு பெண்ணின் பெயர் பக்கத்துச் சீட்டில் ‘மனைவி’ என்று இருந்தால் அதிர்ச்சியடையாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டம், பிஜியில் இறங்கியபின் அவர் எங்கே போனார் என்பது. கப்பல்கள் சுவாவுக்கு அருகே நுக்குலாவுத் தீவில் நின்றன. அங்கே தனிமைப்படுத்தல் முடிந்ததும் ஆட்கள் தோட்டவாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். இதற்குத் தோட்டப் பதிவேடுகளும் பொதுப் பதிவேடும் தனியாக உண்டு. சீட்டு எண் கையில் இருந்தால்தான் இவற்றில் புகுந்து வெளிவர முடியும். பெரும்பாலான ஆட்களை எடுத்தது காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி, சுருக்கமாக சி.எஸ்.ஆர். அதன் ஆலைகள் நவுசோரியில் 1882, ராராவையில் 1886, லம்பாசாவில் 1894, லவுதோக்காவில் 1903 என்று தொடங்கின. நவுவாவில் வான்கூவர்-பிஜி சர்க்கரைக் கம்பெனி இருந்தது. கொப்பரைத் தோட்டங்களுக்கும் சிலர் அனுப்பப்பட்டார்கள். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பது மணி நேரம், சனிக்கிழமை ஐந்து மணி நேரம். அன்றைக்கு அளந்து கொடுத்த வேலையை முழுதும் முடித்தால் ஆணுக்கு 1 ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ். முடிக்காவிட்டால் கூலி வெட்டு, வழக்கு. இந்த வழக்குகளும் மருத்துவமனைச் சேர்க்கைகளும் இறப்புகளும் தனித்தனிப் பதிவுகளில் இருப்பதால், ஐந்தாண்டுக்குள் ஆள் இறந்திருந்தாலும் அந்தத் தடம் கிடைக்கும்.

இனி படங்கள். சி.எஸ்.ஆர். கம்பெனியின் ஆவணங்கள், படங்கள் உட்பட, கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நோயல் பட்லின் காப்பகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் காலனி அலுவலகம் சேர்த்த படத் தொகுதி லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 1069 என்ற வரிசையில் இருக்கிறது; அதில் கணிசமான பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிஜி ஆளுநர்களின் கடிதப் போக்குவரத்து சி.ஓ. 83. 1913க்குப் பிந்தைய குடியேற்றக் கோப்புகள் சி.ஓ. 571. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் மெதடிஸ்ட் மிஷன் ஆவணங்கள் உள்ளன. அந்த மிஷன் 1897இல் ஹன்னா டட்லியை இந்தியர்களிடையே பணிசெய்ய சுவாவுக்கு அனுப்பியது. வெலிங்டனில் அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகம், தெ பாப்பா அருங்காட்சியகம், சுவாவில் பிஜி அருங்காட்சியகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ராயல் காமன்வெல்த் சொசைட்டி தொகுதி ஆகியவையும் பார்க்க வேண்டியவை. 

ஒவ்வொரு தொகுதியும் எடுத்தவரின் கண்ணால் எடுக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. கம்பெனிக்காரர் படத்தில் ஆலை, புகைபோக்கி, டிராம் பாதை, நிமிர்ந்த கரும்பு. ஆட்கள் அளவு காட்ட நிறுத்தப்பட்டவர்கள். மிஷன் படத்தில் பள்ளிக்கூடமும் ஞானஸ்நானமும். அஞ்சலட்டைக்காரர் படத்தில் நகை போட்ட பெண். 10 அடிக்கு 7 அடி அறையில் மூன்று ஆண்களையோ ஒரு குடும்பத்தையோ அடைத்த லயன்களின் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளின்) உட்புறத்தைக் காட்டும் படம் இவற்றில் கிடைப்பது அரிது. வெளியே இருந்து எடுத்த லயன் வரிசைதான் கிடைக்கும். ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குப் படத்தைவிட விசாரணை அறிக்கைகளும் நீதிமன்ற வாக்குமூலங்களும் நம்பகமானவை என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கையில் இருக்கும் படத்தை இப்படிச் சோதியுங்கள். முதல் சந்தேகம், அது பிஜிதானா. குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களில் 1863 முதல் 1904 வரை வனுவாட்டு, சாலமன் தீவு மக்களை ஏறக்குறைய 62,000 ஒப்பந்தங்களில் கொண்டுவந்தார்கள். அவர்கள் கரும்பு வெட்டும் படங்கள் இணையத்தில் ‘பிஜி இந்தியர்’ என்ற தலைப்போடு சுற்றுகின்றன. டிரினிடாட், நேட்டால் படங்களும் அப்படியே. மூலப் படம் எந்த நூலகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் தலைப்பை நம்பாதீர்கள். படத்தை வைத்தே தேடும் வசதியில் போட்டால் பல பிரதிகள் வரும். அவற்றில் அதிகம் வெட்டப்படாததும், ஓரத்தில் எழுத்து இருப்பதும் எதுவோ அதைப் பின்தொடருங்கள்.

அடுத்து ஆண்டு. 1870களில் லெவுக்காவில் ஸ்டுடியோ நடத்திய டஃப்டி சகோதரர்களின் முத்திரை அட்டையில் இருந்தால் அது மெட்ராஸ்காரர்கள் வருவதற்கு வெகு முந்தைய படமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். படம் ஒட்டிய அட்டை 4¼ க்கு 6½ அங்குலம் இருந்தால் அது கேபினெட் அட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பெருவழக்காக இருந்தது. அஞ்சலட்டை என்றால் பின்புறம் பாருங்கள்: முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு இருந்தால் 1902க்குப் பிந்தையது, பிரிட்டனில் அந்த ஆண்டுதான் அதற்கு அனுமதி வந்தது. ஆனால் அஞ்சல் முத்திரைத் தேதி படம் எடுத்த தேதி ஆகாது. பழைய கண்ணாடித் தகட்டிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டு கழித்தும் அட்டை அச்சடித்து விற்றார்கள்.

இடத்தைப் பின்னணி சொல்லும். கரும்பு ஆற்றுப் படகில் ஏறினால் ரேவா ஆற்றுப் பக்கமாக, நவுசோரி ஆலைக்குப் போவதாக இருக்கலாம். பின்னால் மரமற்ற, புல் மட்டும் படர்ந்த வறண்ட மலைகள் தெரிந்தால் மேற்குக் கரை: பா, லவுதோக்கா, நாந்தி. இரண்டடி அகலக் குறும்பாதை டிராம் மட்டும் தெரிந்தால் அதை வைத்து இடம் சொல்ல முடியாது. குயின்ஸ்லாந்திலும் அதே அகலம்தான்.

நிறத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். அக்காலத் தகடுகள் நீல ஒளியை மிகையாகவும் சிவப்பை ஏறக்குறைய இல்லாமலும் பதிவு செய்தன. நீலச் சேலை வெளிறி வெள்ளைபோல் தெரியும். சிவப்புச் சேலை கறுப்பாகத் தெரியும். சாதாரணத் தகட்டில் மஞ்சளும் இருளும். மாநிறத் தோல் உண்மையைவிடக் கறுத்துத் தெரியும். வானம் மேகமே இல்லாத வெள்ளையாக இருக்கும். ஆகவே ‘வெள்ளைச் சேலை, கைம்பெண்’ என்று படத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வண்ண அஞ்சலட்டையின் நிறம் தொலைதூர அச்சகத்தில் யாரோ ஊகித்துப் பூசியது. இன்றைய கணினி வண்ணமும் ஊகம்தான். பெரும்பாலும் எல்லார் தோலையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகும். ஆண்களின் கோட்டுப் பித்தான் எந்தப் பக்கம், பலகை எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். முந்தானை வலத் தோளில் கிடக்கிறது என்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. வடநாட்டுப் பெண்கள் அப்படியும் உடுத்துவார்கள், பிஜி லயன்களில் எல்லாரும் கலந்தே இருந்தார்கள்.

நகல் வாங்கும்போது படத்தின் முன்பக்கம், பின்பக்கம், ஒட்டியிருக்கும் ஆல்பத்தின் முழுப் பக்கம் மூன்றையும் கேளுங்கள். ஆல்பத்தில் பக்கத்துப் படத்தின் குறிப்பு பல நேரம் உங்கள் படத்தின் இடத்தைச் சொல்லிவிடும். சுருக்கப்படாத டிஃப் கோப்பு, அங்குலத்துக்குக் குறைந்தது 600 புள்ளி அடர்த்தி, சிறிய படமானால் 1200. மைக்ரோஃபிலிம் நகல் கறுப்பில் வெள்ளை எழுத்தாக வந்தால் திரையில் நிறத்தைத் தலைகீழாக்கிப் படியுங்கள்; மங்கிய பென்சில் குறிப்புகள் அப்போதுதான் தெரியும். கிடைத்த படத்தை முனுசாமி என்று பெயரிட்டுப் பரப்பாதீர்கள். படத்தில் நிற்பவர் வேறொரு வீட்டின் மூதாதை. நீங்கள் போடும் பெயர் அந்த வீட்டார் அவரைக் கண்டுபிடிக்கும் வழியை அடைத்துவிடும். ‘பா மாவட்டம், சுமார் 1912, பெயர் தெரியாதவர்கள்’ என்ற அளவுக்கு உறுதியானதை எழுதினால் போதும்.

இந்தியப் பக்கம் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. குடியேற்றக் காப்பாளரின் ஆண்டறிக்கைகளும் அரசாணைகளும் அங்கே பார்க்கலாம். எந்த ஆண்டு எத்தனை பேர், என்ன புகார், எந்த ஜில்லாவில் ஆள்பிடிப்பு என்பது கிடைக்கும். தனி ஆள் பெயர் கிடைப்பது அபூர்வம். அதனால் சுவாவிலிருந்து சீட்டு வந்த பிறகு, அந்த ஆண்டைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பூர் போங்கள்.

இன்னொன்று. ‘திரும்பவில்லை’ என்று வீட்டில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிஜியில் பத்து ஆண்டு முடித்தவர்களுக்கு இலவசத் திரும்புபயணம் ஒப்பந்தத்திலேயே உண்டு. போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கேயே தங்கினாலும், பல ஆயிரம் பேர் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஊர் சேராமல் மெட்ராஸிலேயே நின்றவர்களும், மறுபடி வேறு காலனிக்குக் கப்பலேறியவர்களும் உண்டு. பிஜி இறப்புப் பதிவில் அவர் எண் வராவிட்டால், 1920 ஜனவரியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் ரத்தான பிறகு புறப்பட்ட கப்பல்களையும் சேர்த்து, திரும்புவோர் பட்டியலில் அதே எண்ணைத் தேடச் சொல்லிக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.